இருபது வயதைத் தாண்டிய காற்றாலையை ஓட வைக்க

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் 225 கிலோவாட் காற்றாலைகளில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. 20 ஆண்டுக் கணக்கில் வடிவமைத்தவை. பல இன்னமும் சுற்றுகின்றன. மே மாதம் காற்று பிடித்துவிட்டால் மேலே ஏற நேரம் கிடைக்காது. பிப்ரவரி, மார்ச்சிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் கியர் பாக்ஸ். இயந்திரத்தை நிறுத்திய சூட்டோடு ஆயில் மாதிரி எடுக்க வேண்டும். ஆறினால் துகள்கள் அடியில் தங்கிவிடும். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பாருங்கள். ஒரு தடவை மடிப்புக்குள் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. விரலில் தேய்த்தேன், பித்தளைப் பொடி. பேரிங்கின் உருளைகளைப் பிடித்து வைக்கும் கூடு (கேஜ்) தேய்ந்திருந்தது. சீசனுக்கு முன்பே பேரிங்கை மாற்றியதால் கியர் பாக்ஸ் தப்பியது. ஆயில் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். போன தடவையைவிட இரும்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

அப்புறம் போல்ட்டுகள். முறுக்கியதும் நட்டிலிருந்து ஃபிளாஞ்ச் (போல்ட் இறுக்கும் இரும்பு விளிம்பு) வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது. ஒன்று உடைந்திருந்தால் இருபக்கத்துப் போல்ட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இறக்கையின் முன்விளிம்பு மணலிலும் மழையிலும் அரிபடும், பைனாகுலரிலேயே தெரியும். இறக்கையின் நுனி திரும்பி வேகத்தைக் குறைக்கும் நுனி பிரேக்கைச் சோதிக்காமல் சீசனைத் தொடங்காதீர்கள்.

அடித்தளத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மழைக்குப் பிறகு டவரைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு கசிந்திருந்தால், கான்கிரீட்டுக்குள் டவரைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் ஆடுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிவில் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.