ஒப்பந்தத்தை ஏற்காத ஆயுதக் குழுக்கள்: நாம் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சில மாதங்களில் எங்காவது குண்டு வெடிக்கும். உடனே 'அப்போ ஒப்பந்தம் அவ்வளவுதானா?' என்று கேட்பது முதல் தவறு. கொலம்பியாவில் 2016-ல் ஃபார்க் என்ற இடதுசாரிக் கிளர்ச்சி அமைப்புடன் அரசுக்கு உடன்பாடு ஏற்பட்டபின் ஏறத்தாழ 13,000 பேர் முன்னாள் போராளிகளாகப் பதிவானார்கள். பெரும்பாலோர் மறுபடி ஆயுதம் எடுக்கவில்லை. சும்மா இருப்பவர்கள் செய்தியில் வருவதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, பிரிந்து போனவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் எழுதுவது. ஃபார்க்கின் 'முதலாம் முன்னணி' என்ற படைப்பிரிவு, ஒப்பந்தம் முடிவாகும் முன்பே ஆயுதத்தைக் கீழே வைக்க மாட்டோம் என்றது. அவர்களை வழிக்குக் கொண்டுவரத் தலைமை அனுப்பிய தளபதி ஹென்டில் துவார்த்தே. போனவர் அங்கேயே சேர்ந்துவிட்டார்! இவான் மார்க்கெஸ் கதை வேறு. கியூபாவின் ஹவானாவில் அரசோடு பேசிய ஃபார்க் குழுவுக்குத் தலைவரே அவர்தான். 2019 ஆகஸ்டில், அரசு வாக்கு தவறிவிட்டது என்று சொல்லி மறுபடி துப்பாக்கி தூக்கினார். ஒருவர் ஏற்கவே இல்லை, மற்றவர் ஏற்றுவிட்டு உதறினார். இரு தரப்பும் பிறகு ஒன்றோடொன்று மோதிக்கொண்டன; அதில் கோகைன் போதைப்பொருளுக்கான கோகா பயிரும் கடத்தல் பாதைகளும் பெரிய பங்கு. இத்தனையையும் 'அதிருப்தியாளர்கள்' என்ற ஒரு சொல்லில் அடைத்தால், யாரோடு எதைப் பேசுவது என்பதே தெரியாமல் போகும்.

சின்னக் கும்பல்தானே என்று அசட்டையாக இருப்பதும் தப்பு. வடக்கு அயர்லாந்தில் 1998 ஏப்ரலில் ஒப்பந்தம். மே மாத வாக்கெடுப்பில் அங்கே 71 சதவீதம் பேர் ஆதரவு. ஐஆர்ஏ ஆயுதக் குழுவிலிருந்து பிரிந்த 'ரியல் ஐஆர்ஏ' என்ற சிறு பிரிவு ஆகஸ்ட் 15 அன்று ஓமா நகரக் கடைத்தெருவில் கார் குண்டை நிறுத்தியது. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது, ஆனால் இடம் சரியாகச் சொல்லப்படவில்லை. போலீஸ் மக்களை அப்புறப்படுத்தியது, குண்டு இருந்த பக்கமாகவே. 29 பேர் இறந்தார்கள். ஊரே கொதித்ததில் அடுத்த மாதமே அந்தக் குழு போர்நிறுத்தம் அறிவித்தது, ஆனால் அது நிலைக்கவில்லை.

அப்புறம், 'ஒருமுறை மறுத்தவர் என்றைக்கும் மறுப்பார்' என்ற எண்ணம். இந்திய அரசுடனான 1975 ஷில்லாங் ஒப்பந்தத்தை ஏற்காத நாகா தலைவர்கள் 1980-ல் என்எஸ்சிஎன் என்ற ஆயுத அமைப்பைத் தொடங்கினார்கள். 1988-ல் அதுவும் உடைந்தது. அதில் ஐசக்-முய்வா அணி 1997-ல் போர்நிறுத்தத்துக்கு வந்து, 2015 ஆகஸ்டில் இந்திய அரசுடன், இறுதித் தீர்வுக்கான அடிப்படையை வகுக்கும் கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. காப்லாங் அணியோ அதே ஆண்டு மார்ச்சில்தான் தன் போர்நிறுத்தத்தை முறித்திருந்தது.