வேட்டைத் துப்பாக்கியுடன் தென்னாப்பிரிக்கப் பயணம்: எந்தச் சேவைக்குப் பணம் கொடுப்பது?

அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் செல்பவர் தம் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோக விரும்பினால், அமெரிக்கச் சுங்கத்துறை, விமான நிறுவனம், வழியில் விமானம் மாறும் நாடு, தென்னாப்பிரிக்கக் காவல்துறை ஆகிய நான்கு தரப்பின் விதிகளுக்கும் ஒரே பயணத்தில் உட்பட வேண்டியிருக்கிறது. இவற்றை எளிதாக்கித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் பெறும் சேவைகள் பல உள்ளன. அவை அனைத்தும் தேவையில்லை. பயணச்சீட்டு எடுக்கும் இடத்திலும், ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கும் இடத்திலும் கொடுக்கும் பணம் வீணாகாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற வேலைகளைப் பயணி தாமே செய்தாக வேண்டும்.

அவற்றுள் முதலாவது சுங்கத்துறையின் 4457 என்ற படிவம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் பொருள் முன்பே உங்களுடையதுதான் என்று சான்றளிக்கும் இப்படிவத்தைப் பெற, குண்டு நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்துச் சுங்க அலுவலகத்துக்கு நேரில் எடுத்துச் செல்ல வேண்டும். போகும் முன் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்வது நல்லது. அதிகாரி துப்பாக்கியில் பொறித்த வரிசை எண்ணைச் சரிபார்த்து முத்திரையிட்டுக் கையொப்பமிடுவார். இதற்குக் கட்டணம் கிடையாது. இதைப் பெற்றுத் தருகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். துப்பாக்கியின் மேல் பொருத்திய தொலைநோக்கியின் எண்ணையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம். படிவத்தின் மேல் மூலையில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதி படிவத்தின் பதிப்பைக் குறிப்பதே தவிர, உங்கள் சான்றின் ஆயுளைக் குறிப்பதன்று. ஆயினும் தென்னாப்பிரிக்கக் காவலர்கள் சிலர் அதையே சான்றின் காலாவதியாகக் கொண்டு மறுத்த நிகழ்வுகள் உண்டு என்பதால், பழைய தாள் கையில் இருந்தாலும் தேதி கடவாத புதிய பதிப்பில் மீண்டும் முத்திரை பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு.

இங்கே கூறுவன அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டை உள்ளவர்களுக்கும் பொருந்தும். ஏற்றுமதி விதிகளில் உள்ள விலக்கின்படி, இவர்கள் தனி உரிமம் இன்றி மூன்று துப்பாக்கிகள் வரை உடன் கொண்டுபோகலாம். எச்-1பி போன்ற விசாவில் அங்கே வாழும் நம்மவர்கள் பலருக்கு நிலைமை வேறு. அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கே வேட்டை உரிமம் போன்ற ஏதேனும் ஒரு விதிவிலக்கு வேண்டும். திரும்பி நாட்டுக்குள் கொண்டுவர 6-என்.ஐ.ஏ. என்ற தனி அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். இதை முடிக்காமல் புறப்படக் கூடாது.

பயணச்சீட்டை இணையத்தில் மலிவு விலை பார்த்து எடுப்பதைவிட, வேட்டைப் பயணங்களையே தொழிலாகக் கொண்ட முகவரிடம் எடுப்பது மேல். ஒரே சீட்டில் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் இருக்கையில், சீட்டை விற்ற நிறுவனத்தின் விதி ஒன்றாகவும், விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் விதி வேறாகவும் இருக்கலாம். முன்பதிவிலேயே துப்பாக்கி உண்டு என்று பதிவு செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒப்புதல் வாங்கி வைப்பதற்குத்தான் முகவருக்குக் கட்டணம். விமானம் மாறும் நாடும் முக்கியமானது. ஆம்ஸ்டர்டாம் வழியாகச் சென்றால், பெட்டி உங்கள் கைக்கே வராமல் மாறினாலும், நெதர்லாந்துச் சுங்கத்துறையின் ஒப்புதலை முன்பே பெற்றிருக்க வேண்டும். அட்லாண்டாவிலிருந்து டெல்டாவும் நியூவார்க்கிலிருந்து யுனைட்டெடும் ஜோகன்னஸ்பர்க்குக்கு நேரடியாகப் பறக்கின்றன. விலை கூடுதலானாலும் நேரடி விமானத்தில் ஒரு நாட்டின் விதி முழுவதுமாகக் குறைந்துவிடுகிறது. சில வேளைகளில் முகவரின் தேவையும் குறைகிறது.

இனி, பணம் கொடுத்துப் பெறத்தக்க உதவிகளில் தலையாயது தென்னாப்பிரிக்க அனுமதிச் சேவை. அந்நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேட்டைக்காரர் அந்நாட்டுக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற படிவத்தில் தற்காலிக இறக்குமதி அனுமதி பெற வேண்டும். விமான நிலையத்தில் இறங்கிய பிறகும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நீண்ட பயணத்தின் களைப்போடு, ஒரே நேரத்தில் வந்திறங்கிய பல வேட்டைக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேரும். அனுமதிச் சேவையினர் உங்கள் ஆவணங்களை முன்பே வாங்கி, பிரிட்டோரியாவில் உள்ள மையத் துப்பாக்கிப் பதிவகத்தில் விண்ணப்பித்து, நீங்கள் இறங்கும் நாளில் அனுமதிச் சீட்டைத் தயாராக வைத்திருப்பார்கள். காவல்துறை இந்த அனுமதிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. நீங்கள் கொடுப்பது சேவைக்கான கூலி மட்டுமே.

சேவையினர் கேட்கும் ஆவணங்கள் பெரும்பாலும் இவையே: நிரப்பிய 520 படிவம், கடவுச்சீட்டின் சான்றளித்த படி, 4457-இன் சான்றளித்த படி, திரும்பும் பயணத்தையும் காட்டும் பயணச்சீட்டு, வேட்டை நடத்துநரின் அழைப்புக் கடிதம், ஏன் இந்தத் துப்பாக்கி வேண்டும் என்று நீங்கள் எழுதும் விளக்கக் கடிதம். ஒன்றரை, இரண்டு மாதங்களுக்கு முன்பே இவற்றை அனுப்பிவிட வேண்டும். படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்புங்கள். முன்கூட்டி விண்ணப்பிக்காமல் நேரில் கொடுப்பவர்கள், கையொப்பத்தைக் காவலர் முன்னிலையில்தான் இட வேண்டும். கடவுச்சீட்டில் இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். 21 வயது நிறையாதவர் விண்ணப்பிக்க இயலாது; அவர் வேறொருவரின் துப்பாக்கியைக் கொண்டே வேட்டையாட வேண்டும்.

எந்தச் சேவையாலும் சரிசெய்ய முடியாத தவறு ஒன்று உண்டு: 520 படிவத்தில் எழுதிய வரிசை எண்ணும், 4457-இல் உள்ள எண்ணும், துப்பாக்கியின் உலோகத்தில் பொறித்த எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும். குழல் மாற்றிப் பயன்படுத்தும் துப்பாக்கி வைத்திருப்போர் கூடுதல் குழலை மறந்துவிடக் கூடாது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் தனிக் குழலும் துப்பாக்கியாகவே கணக்கிடப்படுகிறது. குழல் விட்டத்தின் அளவு (காலிபர்) ஒன்றுக்கு ஒரு துப்பாக்கி மட்டுமே ஏற்கப்படும். தானியங்கி, அரைத் தானியங்கி வகைகள் ஏற்கப்படா. துப்பாக்கி ஒன்றுக்கு 200 தோட்டாக்கள் வரை அனுமதி உண்டு. ஆனால் விமானத்தில் பயணி ஒருவருக்கு 5 கிலோ தோட்டாக்களே வரம்பு என்பதால், .375 போன்ற பெரிய அளவில் சுமார் 120 தோட்டாக்களிலேயே எடை நிறைந்துவிடும். தோட்டாக்களைத் துப்பாக்கிப் பெட்டியில் வைக்காமல், விமானத்தில் பதிவு செய்து அனுப்பும் மற்றொரு பெட்டிக்குள் தனியே பூட்டிய சிறு பேழையில் வையுங்கள். துப்பாக்கிப் பெட்டியின் சாவி உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

வரவேற்புச் சேவை பெரும்பாலும் அனுமதிச் சேவையோடு சேர்ந்தே வருகிறது. ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்தில் துப்பாக்கிப் பெட்டி மற்றப் பெட்டிகளோடு வளைபட்டையில் வராது. காவல்துறையின் துப்பாக்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்படும். உங்கள் பெயர்ப் பலகையோடு காத்திருக்கும் சேவையாளர் அங்கே அழைத்துச் செல்வார்; காவலர் எண்ணைப் பார்த்து அனுமதிச் சீட்டைத் தருவார். அலுவலகத்துக்குப் போகும் வழியில் உதவ முன்வரும் முன்பின் அறியாதவர்களிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். காரியத்தை விரைவாக்குவதாகச் சொல்லிக் கேட்கும் எந்தத் தொகையையும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுப்பது இலஞ்சம், உங்களுக்குப் பின் வருபவருக்கும் தீங்கு. சேவையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் புறப்படும் முன்பே கேட்டு வாங்கி, இறங்கியவுடன் அவரையே அழையுங்கள்.

அன்றே உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டுமானால் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வையுங்கள். விமான நிலையத்துக்கு அருகே வேட்டைக்காரர்களுக்கென இயங்கும் விடுதியில் ஓர் இரவு தங்குவது அதனினும் நல்லது. நமீபியாவுக்கோ ஜிம்பாப்வேக்கோ செல்பவர்கள் பெட்டியை இறுதி நிலையம் வரை நேரே பதிவு செய்ய முடிகிறதா என்று கேட்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் அதைக் கையில் எடுத்தால் அங்கும் காவல்துறை அனுமதி தேவைப்படும்.

இத்தனை தாள்களையும் தவிர்க்க விரும்புவோர் வேட்டை நடத்துநரின் துப்பாக்கியையே வாடகைக்குப் பெறலாம். உரிமம் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் பிறர் பயன்படுத்த அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. முதன்முறை செல்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன். சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுசென்றவர்கள் அனுமதிச் சீட்டின் மூலத்தைத் தொலைக்காமல் வைத்திருந்து, திரும்பும்போது காவல்துறையிடமும் விமான நிறுவனத்திடமும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் இறங்கியதும் அதே 4457-ஐச் சுங்க அதிகாரியிடம் கொடுத்தால் துப்பாக்கி தடையின்றி உள்ளே வரும்.