ஜோத்பூர் – ஜெய்சல்மர் பேருந்துப் பயணம்: குடும்பத்தோடு போகிறவர்கள் எதில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது

மன்னார்குடியிலிருந்து ராஜஸ்தானில் உள்ள ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. மதுரையிலிருந்து பிகானேருக்கு அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் போகிறது. ஆகவே தார் பாலைவனத்தின் வாசல்வரை போய்ச் சேர்வது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பெரிய சிரமமில்லை. கணக்குத் தப்புவது அதற்கு அப்புறம், ஜெய்சல்மருக்குப் பேருந்து பிடிக்கும்போதுதான். ஜோத்பூரிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், ஐந்து முதல் ஆறு மணி நேரம். சென்னையிலிருந்து திருச்சி போவதைவிடக் குறைந்த தூரம்தானே என்று எந்த ஏற்பாடும் இல்லாமல் ஏறிவிடுகிறார்கள்.

ரயிலில் இடம் கிடைத்தால் ரயிலே மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிடைக்காதவர்களுக்கும், நேரம் ஒத்துவராதவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

ராத்திரி பஸ்ஸில் போனால் அறை வாடகை மிச்சமா?

அடிக்கடி நடக்கிற தவறு இதுதான். ஜெய்ப்பூரிலிருந்து நேராக ஜெய்சல்மர் போகிறவர்களுக்கு இரவுப் பேருந்து சரிப்படும். ராத்திரி முழுக்க ஓடிக் காலையில் இறக்கிவிடும். ஜோத்பூரிலிருந்து போனால் அப்படி இல்லை. பத்தரை மணிக்குக் கிளம்புகிற வண்டி நாலு, நாலரைக்கெல்லாம் ஜெய்சல்மரில் நிற்கும். டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்தில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இருப்பது சாதாரணம். சென்னையில் ஜனவரியில் ஆறரை மணிக்குச் சூரியன் வந்துவிடும். நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கிற ஜெய்சல்மரில் ஏழரை ஆகும். ஆக, தூக்கம் கலைந்த பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் இருட்டில் காத்திருக்க வேண்டும்.

விடுதிக்குப் போகலாம் என்றால், அறை மதியம்தான் கிடைக்கும். முன்னாலேயே வேண்டுமென்றால் அரை நாள் வாடகையோ முழு நாள் வாடகையோ கேட்பார்கள். மிச்சம் பிடித்த காசு அங்கேயே போயிற்று. இந்த நிலைமையில் இருக்கிறவர்களைத் தேடித்தான் பேருந்து நிற்கிற இடத்துக்கே விடுதி ஆட்கள் வருகிறார்கள். நம்ப முடியாத வாடகை சொல்வார்கள். அறைக்குள் பெட்டியை வைத்த பிறகு, ஒட்டகச் சவாரி எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வெளியே வரும். எடுக்க மாட்டோம் என்றால் வாடகை ஏறும், இல்லையென்றால் அறை இல்லை என்பார்கள். நாலு மணிக் குளிரில் நிற்கிற குடும்பத்துக்குப் பேரம் பேசத் தெம்பு இருக்காது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

காலை ஏழு, எட்டு மணிக்குக் கிளம்புங்கள். மதியம் ஒன்று, ஒன்றரைக்குப் போய்ச் சேரலாம், அறையும் தயாராக இருக்கும். முன்பதிவு செய்த விடுதியின் பெயரை யார் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஸ்லீப்பர் பெட்டிக்குள் பிள்ளைகள்

அந்தப் பக்கத்துத் தனியார் பேருந்துகள் பலவற்றில் கீழே இருக்கைகளும் மேலே கதவு வைத்த படுக்கைப் பெட்டிகளும் இருக்கும். இரட்டைப் படுக்கை ஒன்றை எடுத்து, இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் அதற்குள்ளேயே அடங்கிவிடலாம் என்று பார்ப்பார்கள். டிக்கெட் செலவு குறையத்தான் செய்யும். ஆனால் 2025 அக்டோபரில் ஜெய்சல்மரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய ஏசி ஸ்லீப்பர் பேருந்து ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தீப்பிடித்தது. வெளியே வர முடியாமல் குழந்தைகள் உட்பட 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதுவும் பட்டப்பகலில்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஏறுவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்துப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அவசர வழி எங்கே, அதன் முன்னால் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா, நடைபாதையில் ஆள் நடக்க இடம் இருக்கிறதா, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் மாட்டியிருக்கிறதா? பின்கோடியில், மேல் படுக்கையில், சின்னக் குழந்தையோடு இடம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பகலில் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து போக முடியாதா என்ன?

அந்த வகையில் அரசுப் பேருந்தை ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே எல்லோரும் 'ரோட்வேஸ்' என்பார்கள். அவற்றின் சாதாரண, எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2023 ஏப்ரலில் அதை 30 சதவீதத்திலிருந்து 50 ஆக்கினார்கள். ஏசி வண்டியில் இதை எதிர்பார்க்க வேண்டாம். நம் ஊர் டவுன் பஸ் நினைப்பில் டிக்கெட்டே கிடையாது என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். இப்போது எவ்வளவு சலுகை என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஏறும் இடத்தையும் கவனியுங்கள். ஜோத்பூரில் ரோட்வேஸ் நிலையம் ராய்கா பாக் பக்கம் இருக்கிறது. தனியார் வண்டிகள் பல பாம்பே மோட்டார் சர்க்கிள் போன்ற வேறு இடங்களிலிருந்து கிளம்புகின்றன. பஸ் ஸ்டாண்ட் என்று மட்டும் ஆட்டோக்காரரிடம் சொன்னால் தப்பான இடத்தில் போய் நிற்பீர்கள்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது

சென்னை வெயிலில் சட்டை நனையும், உடனே தண்ணீர் தேடுவோம். தாரில் காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். பிள்ளைகள் வியர்க்காமல் சோர்ந்து கிடப்பதைத் தூக்கம் என்று நினைத்துவிடுவதுண்டு. பிகானேரிலிருந்து ஜெய்சல்மர் வருகிற வழியில் உள்ள பலோதியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, சிக்கனம் என்று ஏசி இல்லாத வண்டியில் குழந்தைகளை இந்த வழியாகக் கூட்டிப்போவது தேவையில்லாத வேலை. கோடை விடுமுறை என்றால் வேறு ஊரைப் பாருங்கள். குளிர்காலத்திலும் தண்ணீர் பாட்டிலோடு நாலைந்து ஓஆர்எஸ் பொட்டலம் வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற கவலையில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார்கள். ஏறும்போதே கண்டக்டரிடம், "பஸ் கஹான் ருகேகி? கித்னி தேர்?" என்று கேட்டுவிடுங்கள். எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு தாபாவிலும் வழியில் உள்ள பொக்ரான் ஊரிலும் நிற்கும். வண்டி நின்றதும் டீக்கு முன் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவது புத்திசாலித்தனம். குழந்தைக்கு அவசரம் என்றால் ஓட்டுநர்கள் ஓரம் கட்டித் தருவார்கள். அதற்காகவாவது முன் இருக்கையில் இருங்கள்.

சாப்பாட்டில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஜோத்பூர் மிர்ச்சி வடாவும் வெங்காயக் கச்சோரியும் அருமையானவை, ஆனால் அவற்றை இறங்கின பிறகு சாப்பிடுங்கள். வாழைப்பழம், சப்பாத்தி, எலுமிச்சை சாதம் போதும். தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும்.

எந்தப் பக்கம் உட்காருவது

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மர் மேற்கே இருக்கிறது. குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், போகும்போது இடப்பக்க ஜன்னல்களில்தான் வெயில் விழும். விடிகாலைக் குளிரில் அது சுகம். பத்து மணிக்கு மேல் எரிச்சல். எட்டு மணிக்குப் பிறகு கிளம்பினால் வலப்பக்கம் கேளுங்கள், திரும்பி வரும்போது இடப்பக்கம்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் மணல் உள்ளே வரும். டிக்கியிலும் கூரையிலும் போடுகிற பைகளுக்குள்ளும் புகும். பெரிய பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிக் கொடுங்கள். மருந்து, பிள்ளைகளின் மாற்று உடை, ஸ்வெட்டர் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வழியெல்லாம் மணல் மேடு தெரியும் என்று மட்டும் குழந்தைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். முள் புதர், கேஜ்ரி மரம் (நம் ஊர் வன்னி), ஆட்டு மந்தை, ஜெய்சல்மரை நெருங்கும்போது காற்றாலைகள், இவ்வளவுதான். மணல் மேட்டுக்கு ஜெய்சல்மரிலிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் போல, சம் என்ற ஊர் வரை போக வேண்டும்; அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

ராம்தேவ்ரா திருவிழா நாட்கள்

தேதி பார்க்காமல் கிளம்புகிறவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் மாட்டிக்கொள்வார்கள். பொக்ரானிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிறது ராம்தேவ்ரா, பாபா ராம்தேவ்ஜியின் சமாதிக் கோயில். யோகா குரு இல்லை, இவர் அந்தப் பக்கத்து மக்கள் தெய்வமாக வணங்குகிற பழங்காலத்து மகான். முஸ்லிம்களும் ராம்சா பீர் என்று அவரை வணங்குகிறார்கள். பாத்ரபத மாத வளர்பிறையில் நடக்கிற விழாவுக்கு ராஜஸ்தான், குஜராத் ஊர்களிலிருந்து கொடி பிடித்து நடந்தே வருவார்கள். சாலையோரம் முழுக்க ஜனம், வழிநெடுக அன்னதானப் பந்தல்கள், பேருந்தில் நிற்க இடமிருக்காது. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் ஆறு மணி நேரப் பயணம் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் பயணத்தை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள்.