நுகர்வோர் மனத்தில் பிராண்டைப் பதியச் செய்வது எப்படி?

பெயரைச் சொன்னதும் ஒரு பொருளை அறிந்திருப்பது வேறு. பெயர் கண்ணில் படாமலேயே நிறத்தையோ வடிவத்தையோ கொண்டு அதை இனங்காண்பது வேறு. இரண்டாவது நிலையை எட்ட விரும்புவோர் ஒரு நிறம், ஓர் எழுத்துரு, ஒரு சின்னம் எனச் சிலவற்றை மட்டும் தேர்ந்து, உறையிலும் விளம்பரத்திலும் பல ஆண்டுகள் மாற்றாமல் பயன்படுத்த வேண்டும். இருட்டில் தொட்டாலே தெரிய வேண்டும் என்ற நிபந்தனையுடன் 1915-இல் வடிவமைக்கப்பட்ட கோகோ கோலா பாட்டில் இதற்குச் சிறந்த சான்று. சின்னத்தைப் பார்த்துப் பார்த்துச் சலிப்படைபவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தினரே. வாங்குவோரோ அப்போதுதான் அதைக் கவனிக்கத் தொடங்கியிருப்பார்கள் என்பதால், அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள்.

பலனை அறிய, உங்கள் பொருளின் வகையில் எந்தப் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன என்று வாங்குவோரிடம் முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகே பெயர்ப்பட்டியலைக் காட்டுங்கள். வரிசை மாறினால், பட்டியலில் கண்ட பெயரையே நினைவிலிருந்து வந்ததாகச் சொல்லிவிடுவார்கள்.