காவல்துறை அத்துமீறலுக்கு எதிராகச் சட்டத்தை நாடும் முறை

காவலர் வரம்பு மீறினால், எந்த நாடாயினும், நாள், நேரம், இடம், அவரது அடையாள எண், சாட்சிகள் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்து, காயமிருந்தால் மருத்துவச் சான்று பெற வேண்டும். துறை நடவடிக்கை, குற்ற வழக்கு, இழப்பீடு ஆகிய மூன்றும் தனித்தனிப் பாதைகள் என்பதால், எதைக் கோருகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்வது நல்லது.

இந்தியாவில் காவல் நிலையம் புகாரைப் பதிய மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்கு அதை எழுத்து மூலம் அனுப்பி, பயனில்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம்; அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால், அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றம் இழப்பீடும் வழங்க முடியும். அமெரிக்காவில், 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த, கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 1983 என்ற எண்ணுள்ள பிரிவின்கீழ் அதிகாரி மீதே உரிமையியல் வழக்குத் தொடரலாம். ஆனால், மீறப்பட்ட உரிமை முன்னரே தெளிவாக நிலைநாட்டப்பட்டதல்ல என்று நீதிமன்றம் கருதினால் அவருக்கு விலக்கு கிடைத்துவிடும். நியாயமான வழக்குகளும் இடறி விழும் இடம் இதுவே.

காலவரம்பை அலட்சியம் செய்யக் கூடாது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப் பொதுவாக ஓராண்டும், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை அணுக உள்நாட்டு இறுதித் தீர்ப்பிலிருந்து 4 மாதங்களும் மட்டுமே உண்டு. பிரிட்டனில், துறைக்குள் அளித்த புகார் விசாரணையில் இருக்கிறது என்பதற்காக அந்த ஓராண்டு தானாக நீளாது.