வேற்றூர்ப் பேச்சு பிள்ளைக்குப் பிடிபட

கீழக்கரையில் தொடங்கி ராமேசுவரம், தொண்டி வரைக்கும் இந்த ராமநாதபுரம் கரையில் தமிழ் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அப்பத்தா "இங்கிட்டு வா" என்பார். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் அக்கா "இஞ்ச வாங்கோ" என்பார். கீழக்கரை முஸ்லிம் வீட்டில் அப்பா வாப்பா, அம்மா உம்மா, அக்கா லாத்தா. அங்கன்வாடி டீச்சர் பரமக்குடிப் பக்கமோ அதற்கும் அப்பாலோ என்றால் அவர் பேச்சு இன்னொரு தினுசு. வீட்டில் சொன்னதையெல்லாம் செய்கிற இரண்டு வயதுப் பிள்ளை அங்கன்வாடியில் முதல் வாரம் ஒன்றும் விளங்காமல் நிற்கும். உடனே "மந்தம்", "பிடிவாதம்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இது பெரிய அநியாயம். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சொல் தெரியும்; அந்தச் சொல் இன்னொருவர் வாயில் எப்படி வரும் என்பதுதான் பழகவில்லை.

இதற்கு வழி உண்டு, செலவும் கிடையாது. புதுக் குரல் பேசும்போது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருக்கட்டும். புதுச் சொல் கற்றுத்தரும்போது பழகிய குரலாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள்.

காரணம் தெரிந்தால் பொறுமை வரும். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை அம்மாவின் குரலைப் பிரித்து அறிகிறது. முதல் ஆறேழு மாதங்களில் எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் ஓரளவு பிடித்துவிடும். 1984-இல் ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்தில் மிகச் சிலவே. காது கெடவில்லை. வீட்டில் எந்த ஒலி பயன்படுகிறதோ அதற்கேற்பக் கவனம் குவிந்துவிட்டது. 'பத்து', 'பட்டு' இரண்டும் தினமும் காதில் விழுவதால் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நிலைத்துவிடுகிறது.

இப்படிக் குவிந்த கவனம் வீட்டுப் பேச்சைக் கெட்டியாகப் பிடிக்கும், வெளிப்பேச்சில் சற்றுத் தடுக்கும். 2009-இல் கேத்தரின் பெஸ்டும் குழுவினரும் அமெரிக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்களை ஜமைக்கா ஆங்கிலத்தில் கேட்கவைத்தார்கள். 15 மாதக் குழந்தைகளுக்குப் பிடிபடவில்லை, 19 மாதக் குழந்தைகளுக்குப் பிடிபட்டது. ஆகவே ஒன்றரை வயதுக்கு முன் வெளியூர்ச் சித்தி சொல்வது விளங்கவில்லை என்றால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. இன்னொன்றும் தெரியவந்திருக்கிறது: பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த கதையை அந்தப் புதியவரே முதலில் சொல்லிக் காட்டினால், 15 மாதத்திலேயே அவர் சொல்லும் சொற்கள் பிடிபடத் தொடங்குகின்றன. இரண்டு வயதில் சில நிமிடம் கேட்டாலே வித்தியாசம் தெரியும். கீழே சொல்லும் முறை இதை வைத்து அமைந்ததுதான்.

முதலில் பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்: தண்ணி, செருப்பு, மீன், சோறு, பழம், தட்டு, வா, உக்காரு. புதியவரை ஒருமுறை அவற்றைத் தன் இயல்பில் சொல்லச் சொல்லுங்கள். எது மாறுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஒருவர் 'பழம்' என்பதை இன்னொருவர் 'பளம்' என்பார். 'வர்றேன்' இருந்த இடத்தில் 'வாறன்' வரும். மாறாத சொற்களில் தொடங்கி, மாறும் சொற்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

அடுத்தது கதை. புதியவர் பிள்ளைக்கு எதிரே ஒரு கை நீளத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வேண்டும். அவருக்குப் பின்னால் வாசலோ ஜன்னலோ இருந்தால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரியாது. பிள்ளை நூறு தடவை கேட்ட கதை எதுவானாலும் சரி, ஐந்து நிமிடம் சொல்லட்டும். இந்த ஐந்து நிமிடத்தில் எந்தக் கட்டளையும் வேண்டாம், எந்தக் கேள்வியும் வேண்டாம். அடுத்த வரி என்ன என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். அதனால் 'இவர் இந்த ஒலியை இப்படிச் சொல்கிறார்' என்று கணக்குப் போட அதற்கு நேரம் கிடைக்கிறது. வந்ததும் வராததுமாக "அதை எடு, இதைக் கொடு" என்று ஆரம்பிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பிறகு பிடிபட்டதா என்று பார்க்கலாம். செருப்பையும் தட்டையும் தரையில் இரண்டு முழ இடைவெளி விட்டு வையுங்கள். புதியவர் "செருப்பு எங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்கட்டும். கேட்கும்போது அவர் கண் பிள்ளையின் முகத்திலேயே இருக்க வேண்டும். செருப்பின் பக்கம் கண் போனால் பிள்ளை அந்தக் கண்ணைப் பின்தொடரும், சொல் விளங்கியதா இல்லையா என்று தெரியாமல் போய்விடும். அம்மா பின்னாலிருந்து கை காட்டினாலும் இதே கதைதான். கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரியவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் பொறுமை இழந்து மறுபடி கேட்டுவிடுகிறார்கள், முதல் சொல்லை யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை கலைந்துபோகிறது. நான்கு சொல் போதும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தினம் பத்து நிமிடமாக ஒரு வாரம் செய்து பாருங்கள். முடிந்தால் அதே ஊர்ப் பேச்சுள்ள இன்னொருவரையும் பேசவிடுங்கள். ஒருவரோடு நின்றால் அவர் குரல் மட்டும் பழகும். இரண்டு மூன்று பேரைக் கேட்டால் அந்த ஊர்ப் பேச்சே பழகும்.

விளங்காதபோது சத்தத்தைக் கூட்டாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும். சொல்லைப் பிரித்துக் காட்டும் க, த, ப போன்ற மெய்யொலிகள் அதற்கேற்ப உயராமல் பின்தங்கிவிடும். இரண்டாம் முறையும் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். அதற்கும் விளங்கவில்லை என்றால்தான் வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

இரைச்சலைப் பெரியவர்களை வைத்து எடைபோடக் கூடாது. மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் நாம் ஆள் பேசுவதைப் பிடித்துவிடுவோம். பழக்கத்தில் விட்டுப்போன ஒலிகளை நாமே நிரப்பிக்கொள்கிறோம், சின்னப் பிள்ளையால் அந்த அளவுக்கு முடியாது. இரைச்சலும் புதுப் பேச்சும் சேர்ந்தால் அதற்கு ஒன்றும் மிஞ்சாது. தகரக் கூரையில் மழை, கடலைப் பார்த்த வாசலில் கச்சான் காற்று, தலைக்கு மேல் மின்விசிறி, யாரும் பார்க்காமல் ஓடும் டிவி ஆகியவற்றில் நிறுத்த முடிந்ததை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் பிள்ளைக்குக் கிட்டே போய்ப் பேசுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடி வந்து சேரும்.

செல்போன் வீடியோவை வைத்து இதைச் செய்ய நினைக்காதீர்கள். பாட்ரிசியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீட்டின் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மாண்டரின் கேட்கவைத்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகளுக்கு மாண்டரினின் ஒலி வேறுபாடு பிடிபட்டது. அதே ஆட்களை, அதே பொருட்களோடு திரையில் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை.

வந்தவரை "சரியாப் பேசுங்க" என்று திருத்துவதும், தாய் தன் வீட்டுப் பேச்சை விட்டுப் புத்தகத் தமிழுக்கு மாறுவதும் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு நெருக்கமான பேச்சு குறைந்தால் பிடித்து நிற்க இடமில்லாமல் போகும். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: "வாப்பான்னா அப்பாதான்." கீழக்கரையில் காக்கா என்றால் அண்ணன். டீச்சர் காக்கா கதை சொல்லும்போது பறவையின் படத்தைக் காட்டிவிட்டால் அங்கேயே குழப்பம் தீர்ந்துவிடும்.

கடைசியாக, காது. வேற்றூர்ப் பேச்சு மட்டும் விளங்காமல், வீட்டு ஆள் பேசுவதும் விளங்கவில்லை என்றால் இந்தப் பயிற்சியால் தீராது. பிள்ளை விளையாடும்போது பின்னால் மூன்றடி தள்ளி நின்று, முகம் காட்டாமல், வழக்கமான குரலில் அம்மா கூப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, இரண்டு வயதில் "தண்ணி வேணும்" போல இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கூப்பிட்டதும் திரும்பினாலும் சந்தேகம் இருந்தால் முறையான பரிசோதனைதான் வழி. பிறவிக் குறையைத் தவறவிடாமலிருக்க எல்லாக் குழந்தைக்கும் 1 மாதத்துக்குள் பரிசோதனை, சந்தேகம் வந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சளிக்குப் பின் செவிப்பறைக்கு உள்ளே நீர் கோத்து வாரக்கணக்கில் கேள்வி மந்தமாவதும் உண்டு. வலி இல்லாமலேயே இது இருக்கும் என்பதால் தவறவிடுகிறோம். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். சீழ் வடிந்தால், ஆறும்வரை பிள்ளையைக் கடலில் இறக்காதீர்கள்.