கோணலான தொல்மண்டையோடு: காரணத்தைக் கண்டறியும் முறை

முதலில் மண்ணைச் சந்தேகியுங்கள். புதைந்த ஓடு மண்ணின் பாரத்தில் நசுங்கும். துண்டுகளைப் பொருத்தும்போது விளிம்புகள் ஒட்டாமல் இடைவெளி விட்டால், கோணல் பெரும்பாலும் இறந்த பிறகு வந்தது. ஈரமண்ணில் விரிசலே விடாமலும் வளையும். அப்படிப்பட்டதை அளப்பது வீண்.

ஓடு சிதையாமல் இருந்தால் வளைகால் காலிப்பரை (இரு முனைகளுக்கு இடையிலான தொலைவை அளக்கும் கருவி) எடுங்கள். புருவங்களின் நடுவிலிருந்து பின்மண்டையின் தொலைவான புள்ளிவரை நீளம். காதுகளுக்கு மேலே மிக அகன்ற இடத்தில் அகலம். அகலத்தை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 180 மி.மீ. நீளம், 135 மி.மீ. அகலம் என்றால் 75. அதற்குக் கீழே நீள்தலை, 80-ம் மேலும் அகன்ற தலை. இந்த ஓர் எண்ணை வைத்து இனம் பிரிக்கக் கிளம்பியவர்கள் வழுக்கியதுதான் மிச்சம்.

அடுத்து, தையல்கோடுகள்: மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகள். உச்சியில் முன்பின்னாக ஓடும் கோடு சிசுப் பருவத்திலேயே மூடினால் தலை அகலாமல் படகுபோல நீளும். ஸ்பெயினின் சீமா தே லோஸ் ஊசோஸ் குகைக்குழியில் கிடைத்த 14-ஆம் ஓடு கோணியது, பின்பக்கத் தையல் முந்தி மூடியதால்.

தையல் சரி, நெற்றி மட்டும் தட்டையா? சிசுவின் தலையைக் கட்டியோ அழுத்தியோ இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் கோ ஸ்வாம்ப் ஓடுகளின் சரிந்த நெற்றியைத் தொன்மைக் கூறு என்றார் மானுடவியலாளர் ஆலன் தோர்ன். அவற்றில் சில செயற்கையாக உருமாற்றப்பட்டவை என்று 1981-இல் வாதிட்டார் இன்னொரு மானுடவியலாளர் பீட்டர் பிரவுன்.